மொரீஷியஸ்: நிலம், வானிலை, மக்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸுக்குப் போக நினைப்பவர்களும், அங்கே படிக்கவோ வேலைக்கோ போகிறவர்களும், "நம்ம ஊர் ரூபாய் மாதிரியே அங்கேயும் நோட்டில் தமிழ் இருக்காமே?" என்று ஆர்வத்தோடு விசாரிப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. படிக்கும்போது ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது சின்னத் தீவுதான். ஆனால் காற்று வந்து மோதும் பக்கமா, மறைவுப் பக்கமா, கடலோரமா, மேட்டுநிலமா என்பதைப் பொறுத்து மழை, குளிர், பயிர், ஊர், வாழ்க்கை எல்லாமே மாறிவிடும். "மொரீஷியஸில் வானிலை எப்படி?" என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது.

மொரீஷியஸ் சரியாக எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது?

இந்தியப் பெருங்கடலின் தென்மேற்கில், மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறக்குறைய 800 கிலோமீட்டர் தொலைவில், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 20 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. முக்கியத் தீவின் பரப்பு சுமார் 1,865 சதுர கிலோமீட்டர். கன்னியாகுமரி மாவட்டத்தைவிடச் சற்றுப் பெரியது. வடக்கு தெற்காக 65 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 45 கிலோமீட்டர். மக்கள்தொகை 12 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல்.

நாடு என்று பார்த்தால் இந்த ஒரு தீவோடு முடிந்துவிடாது. கிழக்கே 560 கிலோமீட்டரில் ரோட்ரிக்ஸ், வடக்கே 1,000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி அகலேகா, வடகிழக்கே செயிண்ட் பிராண்டன் என்ற மணல்திட்டுக் கூட்டம் ஆகியவையும் சேரும். அதனால்தான் நிலம் இவ்வளவு சிறியதாக இருந்தும் அதன் தனிப் பொருளாதாரக் கடல் மண்டலம் (வளங்கள் மீது அந்நாட்டுக்கே உரிமை உள்ள கடற்பரப்பு) ஏறக்குறைய 23 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு விரிகிறது.

தீவு எப்படி உருவானது?

எரிமலையால். கடலடியில் ஒரே இடத்தில் தொடர்ந்து கொதிக்கும் வெப்பப்புள்ளி ஒன்றின் மீது நிலத்தட்டு நகர்ந்துகொண்டே போனதில் வரிசையாகப் பிறந்த தீவுகளில் இதுவும் ஒன்று. அந்த வெப்பப்புள்ளி இப்போது பக்கத்துத் தீவான ரீயூனியனுக்கு அடியில் இருக்கிறது. அங்கே எரிமலை இன்னும் அடிக்கடி வெடிக்கிறது. மொரீஷியஸில் வெடிப்புகள் ஓய்ந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. தீவின் வயது சுமார் 80 லட்சம் ஆண்டுகள்.

பழைய பெரிய எரிமலையின் விளிம்பு உடைந்து மிஞ்சிய துண்டுகள்தான் இன்று வளையமாக நிற்கும் மலைகள். மிக உயரமான சிகரம் தென்மேற்கில் 828 மீட்டர். உச்சியில் உருண்டைப் பாறை ஒன்று தலைபோல உட்கார்ந்திருக்கும் பீட்டர் போத் 820 மீட்டர். தலைநகர் போர்ட் லூயிஸுக்குப் பின்னால் கட்டைவிரல் போல நிற்கும் லு பூஸ் 812 மீட்டர். இந்த வளையத்துக்கு நடுவில் மேட்டுநிலம். அங்கேதான் க்யூர்பீப் நகரமும், த்ரூ ஓ செர்ஃப் என்ற எரிமலை வாயும் இருக்கின்றன.

கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே பிரமிடு போல அடுக்கிய கருங்கல் குவியல்களைப் பார்த்துப் பலர் கோயில் மிச்சமோ என்று நினைக்கிறார்கள். நிலத்தைப் பயிருக்குத் தயார் செய்தபோது பெயர்த்தெடுத்த எரிமலைக் கற்கள் அவை. அடிமைகளும், பின்னால் வந்த ஒப்பந்தக் கூலிகளும் கையால் சுமந்து அடுக்கியவை. அவற்றைக் கடந்து போகும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

கடற்கரை சுற்றிலும் ஒரே மாதிரி இருக்குமா?

இருக்காது. தீவைச் சுற்றிப் பெரும்பகுதிக்குப் பவளப்பாறைத் திட்டு வேலி போல ஓடுகிறது. அலை அதில் மோதி உடைந்துவிடுவதால் உள்ளே கடல் குளம் போல அமைதியாக, ஆழம் குறைவாக இருக்கும். ஆனால் தெற்கே சூயாக், கிரி கிரி பகுதியில் அந்த வேலி அறுந்துவிடுகிறது. அங்கே தென்கடல் அலை நேராகக் கரும்பாறையில் வந்து அறைகிறது. பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் குளிக்கக் கூடாத இடம்.

பவளத் திட்டுக்குள்ளும் கவனம் தேவை. ஆறு கடலில் கலக்கும் இடங்களில் நன்னீர் பட்டுப் பவளம் வளராது; திட்டில் இடைவெளி விழும். உள்ளே தேங்கிய நீர் முழுவதும் அந்த இடைவெளி வழியாகத்தான் வெளியேறும். வற்றம் (கடல் நீர் வடிவது) தொடங்கும் நேரத்தில் அங்கே நீந்தினால் இழுத்துக்கொண்டு போய்விடும். இழுப்பில் சிக்கினால் எதிர்த்து நீந்திக் களைக்காமல், பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள். படகுகள் வரிசையாக வெளியே போகும் வழி எதுவோ, அதுதான் இடைவெளி என்று அடையாளம் வைத்துக்கொள்ளலாம்.

ரப்பர் அடி வைத்த செருப்பு இல்லாமல் கடலில் இறங்காதீர்கள். கடல் முள்ளெலி, கீறிவிடும் செத்த பவளம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கல்மீன். கல்லைப் போலவே கிடக்கும், மிதித்தால் முதுகு முள் வழியே நஞ்சு ஏறும். மிதித்துவிட்டால் காலைத் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் (ஏறக்குறைய 45 டிகிரி) அமிழ்த்திக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள். சூடு வலியைக் குறைக்கும். ஐஸ் வைத்தால் குறையாது.

எந்த மாதத்தில் போகலாம்?

தமிழ்நாட்டில் இருந்து போகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். "டிசம்பர், ஜனவரி குளிர்காலம், நன்றாக இருக்கும்" என்று டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். அது தென் அரைக்கோளம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கோடை; ஜனவரி, பிப்ரவரி உச்ச வெயில், உச்சப் புழுக்கம், புயல் காலம் எல்லாம் சேர்ந்தே வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை குளிர்காலம். மே, அக்டோபர் இரண்டும் இடைக்காலம்.

எண்ணிக்கையில் சொன்னால் பெரிய வேறுபாடு தெரியாது. கோடைச் சராசரி 24.7 டிகிரி, குளிர்காலச் சராசரி 20.4 டிகிரி, நான்கு டிகிரி சொச்சம்தான். ஆனால் ஆண்டு முழுவதும் பெய்யும் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழையில் மூன்றில் இரண்டு பங்கு கோடை ஆறு மாதத்தில் கொட்டிவிடுகிறது. மிகவும் வறண்ட மாதம் அக்டோபர்.

முதல்முறை போகிறவர்களுக்கு எங்கள் தேர்வு அக்டோபர், நவம்பர் தொடக்கம். வெயில் இதமாக இருக்கும், கடல் சூடாகத் தொடங்கியிருக்கும், புயல் பயம் குறைவு. அடுத்தது மே. தைப்பூசம் பார்க்க வேண்டும் என்றால் ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கம்தான். அப்போது புயலுக்காக இரண்டு நாள் கூடுதலாகக் கையில் வைத்துத் திட்டமிடுங்கள்.

ஒரே நாளில் ஒரு பக்கம் மழை, ஒரு பக்கம் வெயில் என்கிறார்களே, ஏன்?

ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கில் இருந்து வணிகக் காற்று வீசுகிறது. கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் அந்தக் காற்று கிழக்குக் கரையில் ஏறி, மேட்டுநிலத்தில் உயர்ந்து, குளிர்ந்து, அங்கேயே மழையாக இறங்கிவிடுகிறது. மேற்கே இறங்கும்போது அது காய்ந்த காற்று. விளைவு: நடு மேட்டுநிலத்தில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் வரை மழை, மேற்குக் கரையில் 900 மில்லிமீட்டர் அளவுதான். இரண்டுக்கும் நடுவே கார்ப் பயணம் ஒரு மணி நேரம்கூட இல்லை.

இதை வைத்து எங்கே தங்குவது என்று முடிவு செய்யலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று பலமாக இருக்கும். அப்போது கிழக்கே பெல் மார் பக்கம் அறை எடுத்தால் நாள் முழுக்க மணல் முகத்தில் அடிக்கும். மேற்கே ஃபிளிக் ஆன் ஃபிளாக், தமரன் பக்கமோ வடமேற்கே த்ரூ ஓ பிஷ் பக்கமோ தங்குங்கள். கோடையில் இது தலைகீழ். மேற்கு தகிக்கும், கிழக்கில் காற்று ஆறுதலாக இருக்கும். காற்றில் பட்டம் கட்டி அலையில் சறுக்குபவர்கள் மட்டும் தென்மேற்கு முனையில் லு மோர்னுக்குக் குளிர்காலத்தில்தான் போவார்கள்.

க்யூர்பீப், வாக்வா பக்கம் வீடு பார்க்கும் மாணவர்களுக்கு ஒரு சொல்: 550 மீட்டர் உயரம், ஜூலை இரவில் 12, 13 டிகிரி வரை இறங்கும், தூறல் நாள்கணக்கில் நிற்காது. ஸ்வெட்டரும் மெல்லிய மழைக்கோட்டும் கட்டாயம் வேண்டும். அலமாரிக்குள் துணியும் தோல் செருப்பும் பூஞ்சை பிடிக்கும். சுவரை ஒட்டி அலமாரி வைக்காமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள்.

புயல் எச்சரிக்கை எண்களை எப்படிப் புரிந்துகொள்வது?

எச்சரிக்கை முதல் வகுப்பில் இருந்து நான்காம் வகுப்பு வரை போகும். இது புயலின் பலத்தைச் சொல்லும் எண் அல்ல. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று தீவைத் தொட இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைச் சொல்லும் எண். "நாலாம் வகுப்பு வரவில்லை, சின்னப் புயல்தான்" என்று அசட்டையாக இருப்பது ஆபத்து.

முதல் வகுப்பு என்றால் அந்த வேகக் காற்று வர 36 முதல் 48 மணி நேரம் இருக்கலாம் என்று பொருள். டார்ச், பேட்டரி, ரேடியோ, மருந்து, சமைக்காமல் சாப்பிடக்கூடிய உணவு, ஒரு ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 3 லிட்டர் என்ற கணக்கில் மூன்று நாளுக்குக் குடிநீர் எல்லாம் அன்றைக்கே சேகரித்துவிடுங்கள். மறுநாள் கடையில் மெழுகுவத்தியும் ரொட்டியும் கிடைக்காது. இரண்டாம் வகுப்பு, ஏறக்குறைய 12 மணி நேரப் பகல் வெளிச்சம் கையில் இருக்கும்படி அறிவிக்கப்படும். மாடியில், முற்றத்தில் பறக்கக்கூடிய எதையும் உள்ளே எடுத்து வைப்பது, வாளிகளிலும் டிரம்களிலும் புழங்கு தண்ணீர் நிரப்புவது, வண்டியை மரத்தடியில் இருந்தும் ஓடைக்கரையில் இருந்தும் நகர்த்துவது ஆகிய வேலைகளை முடிக்க வேண்டிய நேரம் அது. மூன்றாம் வகுப்பு, 6 மணி நேரப் பகல் வெளிச்சம். வீடு பலமில்லாதவர்கள் புயல் காப்பிடத்துக்குப் போய்விட வேண்டும். மற்றவர்கள் வெளியே போகக் கூடாது. நான்காம் வகுப்பு, 120 கிலோமீட்டர் வேகம் பதிவாகிவிட்டது, தொடர்கிறது.

உயிர் போகும் தவறு ஒன்று உண்டு. புயலின் கண் தீவைக் கடக்கும்போது காற்று சட்டென்று நின்று வானம்கூட வெளுக்கும். முடிந்துவிட்டது என்று நினைத்து ஆட்கள் வெளியே வருவார்கள். சிறிது நேரத்தில் அதே பலத்தோடு எதிர்த்திசையில் இருந்து காற்று திரும்பும். அதுவரை தாக்குப்பிடித்த தகரமும் மரமும் அந்த இரண்டாவது அடியில்தான் விழும். வானிலை அலுவலகம் அறிவிக்கும் வரை உள்ளேயே இருங்கள்.

1960ஆம் ஆண்டு ஜனவரியில் அலிக்ஸ், பிப்ரவரியில் கரோல் என்று அடுத்தடுத்து வந்த புயல்கள் மரவீடுகளையும் ஓலைக் குடிசைகளையும் வாரிக்கொண்டு போயின. இன்று தீவெங்கும் தெரியும் தட்டை மொட்டைமாடிக் கான்கிரீட் வீடுகள் அதற்குப் பிறகு பரவியவை. அழகில்லை என்று குறை சொல்கிறவர்கள் இந்தக் காரணத்தையும் அறிந்துகொள்வது நல்லது.

புயல் இல்லாத நாளில் மழை பற்றிக் கவலைப்பட வேண்டாமா?

வேண்டும். இப்போதெல்லாம் புயல் காற்றைவிடத் திடீர் வெள்ளம்தான் அதிகம் கவலை தருகிறது. போர்ட் லூயிஸ் மலைகளுக்கும் கடலுக்கும் நடுவே நெருக்கிப் பிடித்த நகரம். மலையில் பெய்வது சில நிமிடங்களில் நகரத் தெருவுக்கு வந்துவிடும். 2013 மார்ச் 30 அன்று அப்படி வந்த வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் சுரங்க நடைபாதையிலும் தரையடி வண்டி நிறுத்தத்திலும் சிக்கியவர்கள். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின்போது தெருவில் நின்ற கார்களே மிதந்து போயின.

எனவே தலைநகரில் கனமழை பிடித்தால் சுரங்கப் பாதைக்குள் ஒதுங்காதீர்கள், மாடிப்படி ஏறுங்கள். வண்டிக்குள் உட்கார்ந்து காத்திருக்க வேண்டாம். மலை ஏற, அருவியில் குளிக்கப் போனவர்கள், தலைக்கு மேல் வெயில் இருந்தாலும் ஓடை நீர் பழுப்பாக மாறினால் உடனே கரையேறுங்கள்.

அங்கே பூர்வகுடிகள் யார்?

யாரும் இல்லை. மனிதர் வாழாத தீவாக இருந்தது. 1598இல் டச்சுக்காரர்கள் இறங்கி, தங்கள் இளவரசர் மவுரிட்ஸ் பெயரை வைத்தார்கள். 1638இல் குடியேறி 1710இல் விட்டுவிட்டுப் போனார்கள். பறக்கத் தெரியாத டோடோ பறவை அந்தக் காலத்தில்தான் அழிந்தது. 1715இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். மடகாஸ்கரில் இருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். 1810இல் ஆங்கிலேயர் கைப்பற்றினார்கள். 1835 பிப்ரவரி 1 அன்று அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. இந்தியாவில் இருந்து ஒப்பந்தக் கூலிகள் 1834 முதல் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை நான்கரை லட்சம் பேருக்கு மேல் வந்து இறங்கினார்கள். போர்ட் லூயிஸில் அவர்கள் இறங்கிய இடமான ஆப்ரவாசி காட் 2006இலும், தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த லு மோர்ன் மலை 2008இலும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்ப்பது நல்லது. ஒன்றைப் பார்த்து மற்றதை விட்டால் தீவின் கதை பாதிதான் தெரியும். நாடு விடுதலை பெற்றது 1968 மார்ச் 12. குடியரசானது 1992இல் அதே நாளில்.

தமிழர்கள் எப்போது போனார்கள்? கூலிகளாகத்தானே?

முதலில் போனவர்கள் கூலிகள் அல்லர். 1735இல் ஆளுநராக வந்த லா பூர்தொனே துறைமுகமும் நகரமும் கட்டப் புதுச்சேரிப் பக்கத்தில் இருந்து கொத்தனார், தச்சர், கொல்லர் போன்ற கைவினைஞர்களை வரவழைத்தார். போர்ட் லூயிஸின் பழைய கல் கட்டடங்களில் அவர்கள் உழைப்பு இருக்கிறது. வணிகர்களும் வந்தார்கள். ஒரு நூற்றாண்டு கழித்துத்தான் சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழரும் தெலுங்கரும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள்.

நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் வீராசாமி ரிங்காடு தமிழ் வழி வந்தவர். 100 ரூபாய் நோட்டில் படமாக இருக்கும் அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசனும் அப்படியே.

ரூபாய் நோட்டில் தமிழ் இருப்பது உண்மையா?

உண்மை. ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற வரிசையில் மதிப்பு எழுதியிருக்கும். தமிழ் எண்களும் உண்டு. 1998இல் வெளியான நோட்டுகளில் இந்தியை முன்னும் தமிழைப் பின்னும் வைத்து வரிசையை மாற்றினார்கள். தமிழ்ச் சமூகம் கடுமையாக எதிர்த்தது. அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையிலேயே புது நோட்டு வந்தது.

அங்குள்ள தமிழர்களோடு தமிழில் பேசலாமா?

பெரும்பாலும் முடியாது. வீட்டில், தெருவில், கடையில் எல்லாரும் பேசுவது கிரியோல் மொழி. பிரெஞ்சுச் சொற்களைக் கொண்டு, தனக்கென்று இலக்கணம் வைத்து வளர்ந்த மொழி. செய்தித்தாள் பெரும்பாலும் பிரெஞ்சு. நாடாளுமன்றமும் அலுவலகமும் ஆங்கிலம். பள்ளியில் தமிழை விருப்பப் பாடமாகப் படிக்கலாம். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உயர்கல்வியாகவும் தமிழ் உண்டு.

"தமிழர் என்கிறீர்கள், தமிழ் தெரியாதா?" என்று கேட்டுவிடாதீர்கள். அது அவர்களைப் புண்படுத்தும். ஏழெட்டுத் தலைமுறையாகப் பேச்சுமொழி போனபிறகும் பெயரையும் கோயிலையும் விரதத்தையும் விடாமல் பிடித்திருப்பவர்கள் அவர்கள். பிரெஞ்சு எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் கருப்பன் 'கர்ப்பென்' ஆகவும், சுப்பராயன் 'சூப்ரயென்' ஆகவும் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டன. மெதுவாக உச்சரித்துப் பாருங்கள், பெயர் பிடிபடும்.

இன்னொரு நுணுக்கம்: அங்கே 'இந்து' என்று சொன்னால் அன்றாடப் பேச்சில் போஜ்புரி, இந்தி வழி வந்தவர்களைக் குறிக்கும். தமிழர், தெலுங்கர், மராத்தியர் தங்களைத் தனித்தனிச் சமூகமாகவே சொல்லிக்கொள்வார்கள். கோயிலும் தனி, கூட்டமைப்பும் தனி. நம் ஊர்க் கணக்கை அங்கே போட்டுப் பார்க்க வேண்டாம்.

தைப்பூசத்துக்குப் போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை. கொடியேற்றத்தில் இருந்து பத்து நாள் விரதம், சைவ உணவு. பூசத்தன்று காலையில் ஆற்றங்கரையிலோ நீர்நிலையிலோ குளித்து, அலகு குத்தி, பச்சைத் தழையும் பூவும் வைத்துக் கட்டிய காவடியோடும் பால் செம்போடும் கோயிலுக்கு நடப்பார்கள். நாள் முழுக்க வெயிலில் நடந்தும் பால் திரியாமல் கோயில் சேர வேண்டும் என்பது நம்பிக்கை. ஆணி செருப்பில் நடப்பவர்களும் உண்டு.

போர்ட் லூயிஸ் சேந்த் குருவாவில் உள்ள கைலாசம் கோயிலும், கோர் த கார்ட் மலைச்சரிவில் உள்ள முருகன் கோயிலும் பெயர் பெற்றவை. மலைக்கோயிலுக்குப் போவதானால் விடியுமுன் கிளம்புங்கள். வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, ஊர்வலப் பாதைகள் மூடப்படும். அலகு குத்தும் இடத்தில் கேட்காமல் முகத்தருகே கேமரா நீட்டக் கூடாது. தார் ரோடு கொதிக்கும். பக்தர்களுக்காகத் தண்ணீர் ஊற்றும் குடும்பங்களின் வழியை மறைக்காமல் நில்லுங்கள். சைவம் சாப்பிட்டுவிட்டுப் போனால் நல்லது, கோயிலில் சாப்பாடு கிடைக்கும்.

மகா சிவராத்திரிக்கு வெள்ளையுடை அணிந்து பல்லாயிரம் பேர் கிராண்ட் பாசான் எரிமலை ஏரிக்கு நடந்தே போவார்கள். செப்டம்பர் 8, 9 தேதிகளில் பாதிரியார் லாவால் சமாதிக்குக் கிறித்தவரோடு இந்துக்களும் முஸ்லிம்களும் போவார்கள். விடுமுறைப் பட்டியலில் சீனப் புத்தாண்டு, ஈத், உகாதி, விநாயகர் சதுர்த்தி, தீபாவளி, கிறிஸ்துமஸ் எல்லாம் இருக்கின்றன.

சேகா என்பது என்ன?

அடிமைகள் பிறப்பித்த பாட்டும் ஆட்டமும். மூன்று கருவிகள்: ஆட்டுத்தோல் போர்த்த பெரிய வட்டப் பறை ரவான், கரும்புப் பூங்காம்பால் கட்டி உள்ளே விதை போட்டு ஆட்டும் மரவான், இரும்பு முக்கோணம். ரவானை வாசிக்கும் முன் நெருப்பில் காட்டி வாட்டுவார்கள். கடற்கரை ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும். வாட்டினால்தான் விறைத்து ஒலி எழும். பாதம் தரையை விட்டு அதிகம் எழாமல் உரசி உரசி ஆடுவது இதன் இயல்பு. 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. விடுதிகளில் வண்ணப் பாவாடையோடு காட்டுவது சுற்றுலாவுக்காகச் சுருக்கிய வடிவம். உள்ளூர்க் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் கூடிப் பாடுவதைக் கேட்க வாய்த்தால் விடாதீர்கள்.

தெருவில் விற்கும் தால் பூரியை வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். நம் போளியின் காரச் சகோதரி அது. நம் எண்ணெய்ப் பூரி அல்ல. மஞ்சள் பட்டாணிப் பருப்பு 250 கிராம் (இல்லையென்றால் கடலைப்பருப்பு) இரவு ஊறவைத்து, மஞ்சள்தூள் போட்டு வேகவிடுங்கள். விரலால் அழுத்தினால் உடைய வேண்டும், குழையக் கூடாது. தண்ணீரை வடித்து எடுத்து வையுங்கள். பருப்பு முழுதாக ஆறிய பிறகு, வறுத்த சீரகமும் உப்பும் சேர்த்துத் தண்ணீர் விடாமல் பொலபொலவென்று அரையுங்கள். மைதா 500 கிராம், எண்ணெய் 3 மேசைக்கரண்டி, எடுத்து வைத்த பருப்புத் தண்ணீர் ஏறக்குறைய 300 மில்லி சேர்த்து மிருதுவாகப் பிசைந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். உருண்டைக்குள் பருப்புப் பொடியை அடைத்து மூடி, மெல்லிசாகத் தேய்த்து, எண்ணெய் தடவிய கல்லில் இரு பக்கமும் ஒரு நிமிடத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

கிழிந்து வெளியே வந்தால் மூன்று காரணம்தான்: பருப்பு குழைந்துவிட்டது, சூட்டோடு அரைத்துவிட்டீர்கள், மாவு கெட்டியாகிவிட்டது. விறைத்துப் போனால் கல்லில் அதிக நேரம் விட்டிருக்கிறீர்கள். எடுத்ததும் அடுக்கித் துணியால் மூடினால் மெத்தென்று இருக்கும். அங்கே எப்போதும் இரண்டு பூரியாகத்தான் தருவார்கள். நடுவே பெரிய அவரைக்கொட்டைக் குழம்பு, ருகாய் என்ற தக்காளித் தொக்கு, காய்கறி ஊறுகாய், பச்சை மிளகாய் விழுது.

தமிழ்க் கல்யாணத்திலும் கோயிலிலும் வாழை இலையில் ஏழு கறி பரிமாறுவார்கள். வாழைக்காய், பூசணி, பலாக்காய், கத்தரி, கீரை என்று வீட்டுக்கு வீடு பட்டியல் மாறும், ரசமும் உண்டு. முருங்கைக்கீரை அங்கே எல்லாச் சமூகத்தாரும் சாப்பிடும் கீரை. சைவர்களுக்கு உணவுக் கஷ்டம் இல்லை, ஆனால் சீன நூடுல்ஸ் கடைகளில் சைவம் என்று கேட்டாலும் மீன் சாறு இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

ரோட்ரிக்ஸ் போவது பயனுள்ளதா?

அமைதி வேண்டும் என்றால் ஆம். 108 சதுர கிலோமீட்டர், விமானத்தில் ஒன்றரை மணி நேரம். மக்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்க வழி வந்த கத்தோலிக்கர், கரும்பு கிடையாது. 2002 முதல் தன்னாட்சி. நிலத்தைவிடப் பெரிய பவளக் கடல் அதைச் சூழ்ந்திருக்கிறது. வற்றத்தில் பெண்கள் இறங்கி நடந்து பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) குத்துவார்கள். பேய்க்கணவாய் பெருக ஆண்டில் சில வாரங்கள் பிடிக்கத் தடை உண்டு. தண்ணீர்த் தட்டுப்பாடு உண்மையானது; குளியலைச் சுருக்கிக்கொள்ளுங்கள். புயல் காலத்தில் விமானம் ரத்தானால் அடுத்த இடம் கிடைக்கச் சில நாள் ஆகும், எனவே இந்தியா திரும்பும் விமானத்துக்கு முந்தின நாள் ரோட்ரிக்ஸில் இருக்காதீர்கள்.

சாகோஸ் தீவுகள் மொரீஷியஸைச் சேர்ந்தவையா?

இந்தியப் பெருங்கடலின் நடுவே உள்ள தீவுக்கூட்டம் அது. விடுதலைக்கு முன், 1965இல், பிரிட்டன் அவற்றை மொரீஷியஸில் இருந்து பிரித்து வைத்துக்கொண்டது. அங்கு வாழ்ந்த மக்களை வெளியேற்றி, அவற்றில் பெரிய தீவான டியகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளத்துக்கு இடம் கொடுத்தது. வெளியேற்றப்பட்டவர்களில் பலர் போர்ட் லூயிஸின் ஏழைக் குடியிருப்புகளில் வந்து சேர்ந்தார்கள். 2019இல் சர்வதேச நீதிமன்றம் அந்தப் பிரிப்பு முறையற்றது என்று கருத்துரைத்தது. 2025 மே 22 அன்று தீவுகளின் இறையாண்மையை மொரீஷியஸுக்கு அளிக்கும் ஒப்பந்தத்தில் இரு நாடுகளும் கையெழுத்திட்டன. சொந்த ஊரை இழந்தவர்களுக்கு இது வரைபடச் சண்டை அல்ல. அவர்களிடம் பேசும்போது அதை நினைவில் வையுங்கள்.

கிளம்பும் முன் நடைமுறையில் தெரிந்திருக்க வேண்டியவை?

நேரம் இந்தியாவுக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். இடப்பக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்கள். மின்சாரம் 230 வோல்ட். சதுர முனை மூன்று கொண்ட பிரிட்டிஷ் பிளக்கும், உருண்டை முனை இரண்டு கொண்ட பிரெஞ்சு பிளக்கும் கலந்து இருக்கும், நம் மூன்று முனை பிளக் சேராது. விமான நிலையம் தென்கிழக்கு மூலையில். வடக்கே கிராண்ட் பே போக ஒரு மணி நேரத்துக்கு மேல், காலை மாலை நெரிசலில் தலைநகரைத் தாண்ட இன்னும் கூடும். போர்ட் லூயிஸில் இருந்து க்யூர்பீப் வரை மெட்ரோ ரயில் ஓடுகிறது. கிராமப்புறப் பேருந்துகள் மாலை ஆறேழு மணியோடு குறைந்துவிடும். திரும்பும் கடைசிப் பேருந்து எப்போது என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேளுங்கள். டாக்சியில் ஏறும் முன் கட்டணம் பேசிவிடுங்கள்.

டெங்கு, சிக்குன்குனியா வருவதுண்டு, கொசு மருந்து எடுத்துப் போங்கள். ஊரில் இருந்து மாம்பழம், கறிவேப்பிலை, விதை, செடி எதையும் முன் அனுமதி இல்லாமல் பெட்டியில் வைக்காதீர்கள். விமான நிலையத்திலேயே பறித்துவிடுவார்கள். கறிவேப்பிலை அங்கே சந்தையிலேயே கிடைக்கும்.